செடி வாங்குவதை ஆறு வாரம் தள்ளிப் போடுங்கள்

கேள்வி: வீட்டுக்கு வடபுறம் 20 அடி அகலமும் 30 அடி நீளமும் கொண்ட இடம் தோட்டமாக இருக்கிறது. வீடு கட்டியபோது மிஞ்சிய ஜல்லி, சிமென்ட் கலவை எல்லாம் அந்த மண்ணில்தான் கிடக்கிறது. மேற்கே புதிதாகப் பூசிய ஏழடி மதில். அதை ஒட்டி வைத்த இட்லிப்பூ நாளுக்கு நாள் வெளுக்கிறது. வடகிழக்கு மூலையில் மழை பெய்தால் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிற்கும். செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி. வீட்டுச் சுவரோரம் இருக்கும் குண்டுமல்லி நன்றாகத் தழைக்கிறது, பூப்பதில்லை. ரோஜா எத்தனை முறை வாங்கினாலும் மூன்று மாதத்தில் காய்ந்துபோகிறது. இது போக, சிமென்ட் தளத்தில் நாற்பது தொட்டிகள். செடிப் பித்துப் பிடித்த தோழிகள் எட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடிக் குச்சிகளை மாற்றிக்கொள்கிறோம். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த செடியைப் பற்றிச் சொல்லச் சொல்ல, எல்லாவற்றையும் வாங்கத் தோன்றுகிறது. இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புதிதாகத் தோட்டம் போட நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது, எந்தச் செடிகளை வாங்குவது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, எதையும் பிடுங்காதீர்கள், அடுத்த ஆறு வாரத்துக்கு எதையும் வாங்கவும் வேண்டாம். நீங்கள் சொல்லியிருக்கும் தொல்லைகளில் மாவுப்பூச்சியைத் தவிர மற்ற எல்லாமே, செடி நிற்கும் இடத்தாலோ நட்ட விதத்தாலோ வந்தவை. மாவுப்பூச்சி பெருகியதற்கும் இடத்துக்கும்கூட ஓரளவு தொடர்பு உண்டு. இடத்தைச் சரிசெய்யாமல் செடியை மட்டும் மாற்றினால் அடுத்த ஆண்டும் இதே கடிதத்தைத்தான் எழுதுவீர்கள். ஆகவே முதலில் வெயில், பிறகு தண்ணீர், பிறகு மண், பிறகு பாதையும் பாத்தியும். செடி கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மண்ணைப் பதப்படுத்திய பிறகு வடிகாலுக்காகத் தோண்டினால் போட்ட உரமெல்லாம் அடிமண்ணுக்குள் போய்விடும்.

வெயிலை அளக்க ஒரு பெரிய தாள் போதும். ஒரு அடிக்கு ஒரு செ.மீ. கணக்கில் 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளத்துக்குத் தோட்டத்தை வரைந்துகொள்ளுங்கள். மேகமில்லாத ஒரு நாளில் காலை 8, 10, பகல் 12, 2, மாலை 4 என ஐந்து முறை வெளியே போய், எங்கெல்லாம் வெயில் நேரடியாக விழுகிறதோ அங்கெல்லாம் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு புள்ளி என்பது இரண்டு மணி நேர வெயில். மூன்று புள்ளியும் அதற்கு மேலும் விழுந்த இடம் பூச்செடிக்கு உரிய முழு வெயில் இடம். இரண்டு புள்ளி என்றால் அரைநிழல். ஒன்றோ, ஒன்றும் இல்லாமலோ இருந்தால் நிழல்.

உங்கள் தோட்டம் வீட்டுக்கு வடக்கே இருப்பதால் ஒரே நாள் கணக்கு போதாது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எங்கு இருந்தாலும் டிசம்பரை ஒட்டிய மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். வீட்டின் நிழல் தோட்டத்துக்குள் நீளும். ஜூன் வாக்கில் அந்த நிழல் சுருங்கிவிடும். வெப்பமண்டலப் பகுதியாக இருந்தால் அப்போது சுவரோரத்திலும் உச்சி வெயில் விழும். எனவே ஜூனில் ஒரு வரைபடம், டிசம்பரில் ஒரு வரைபடம் என்று இரண்டு தேவை. இரண்டாவதுக்காக அரையாண்டு காத்திருக்க வேண்டியதில்லை. எதிர்ப்பருவத்தில் வீட்டு நிழல் எங்கே விழுந்தது என்று வீட்டில் இருப்பவர்களைக் கேட்டாலே பாதி விடை கிடைக்கும். பழைய கைப்பேசிப் படங்களும் உதவும். படம் எடுத்த தேதியும் நேரமும் அதிலேயே பதிவாகியிருக்கும்.

இந்தக் கணக்கைப் போட்டதும் குண்டுமல்லி ஏன் பூக்கவில்லை என்பது தாளிலேயே தெரிந்துவிடும். சுவரோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மூன்று புள்ளி கிடைக்காது.

அடுத்தது தண்ணீர் நிற்கும் மூலை. தண்ணீர் நிற்க இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, அந்த மூலை பள்ளமாக இருப்பது. மற்றொன்று, மண்ணுக்குள் இறுகிய தளம் இருப்பது. கட்டட வேலையின்போது கலவை போட்ட இடமும் வண்டி ஏறி இறங்கிய இடமும் ஓரடி ஆழத்துக்குக் கல்லாக இறுகிவிடும். எது காரணம் என்று தெரிய ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி தோண்டித் தண்ணீரை நிரப்புங்கள். முழுதும் வடிந்ததும் மறுபடி நிரப்பி, குச்சியில் அடையாளம் வைத்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். முதல் முறை காய்ந்த மண் குடித்துவிடும் என்பதால் இரண்டாம் முறை அளப்பதே கணக்கு. மணிக்கு 1 முதல் 3 அங்குலம் வரை இறங்கினால் நல்ல மண். ஒரு அங்குலத்துக்கும் குறைவு என்றால் வேர் மூச்சுத் திணறும். 4 அங்குலத்தைத் தாண்டினால் தண்ணீரும் உரமும் தங்காத மணல். இதே சோதனையைத் தோட்டத்தின் நடுவிலும் ஒருமுறை செய்யுங்கள். நடுவில் நன்றாக இறங்கி மூலையில் மட்டும் இறங்காவிட்டால் இறுக்கம்தான் காரணம். இரண்டு இடத்திலும் நன்றாக இறங்கினால் அந்த மூலை பள்ளம், அவ்வளவுதான்.

இறுகிய மண்ணைக் கடப்பாறையால் ஓரடி ஆழத்துக்கு நெம்பித் தளர்த்த வேண்டும். ஆனால் மண் ஈரமாக இருக்கும்போது கை வைக்கக் கூடாது. ஒரு பிடி எடுத்து உருண்டை பிடித்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் வேலை செய்யலாம். களிம்பாக நசுங்கினால் இன்னும் இரண்டு மூன்று நாள் காத்திருங்கள். அந்தப் பதத்தில் தோண்டினால் இன்னும் மோசமாக இறுகும். களிமண்ணாக இருக்கிறதே என்று மணல் கொட்டாதீர்கள். கொஞ்சம் மணலும் நிறையக் களியும் சேர்ந்தால் காய்ந்தபின் செங்கல்லைப் போலாகிவிடும். களிமண்ணை இளக்குவது மக்கிய உரம்தான்.

பள்ளம் என்றால் இரண்டு வழி. வீட்டுச் சுவரிலிருந்து தோட்டத்துப் பக்கம் பத்தடிக்கு இரண்டரை அங்குலம் இறங்கும்படி மண்ணைச் சரித்துத் தண்ணீரை வெளியேற்றலாம். அல்லது பள்ளத்தைப் பள்ளமாகவே ஏற்றுக்கொண்டு, ஆறு அங்குல ஆழத் தாழ்பாத்தியாக்கி, ஈரத்தை விரும்பும் செடிகளை வைக்கலாம். உங்கள் மூலை வீட்டு அஸ்திவாரத்திலிருந்து தள்ளி இருப்பதால் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள் என்பேன். கல்வாழை, சேம்பு, குடைக்கோரை மூன்றும் அங்கே கொழித்து வளரும். கல்வாழைக்கு வெயிலும் ஈரமும் சேர்ந்து கிடைத்தால் சொல்லவே வேண்டாம். ஒரே நிபந்தனை, மழை நின்ற இரண்டு நாளுக்குள் தண்ணீர் வடிந்துவிட வேண்டும். கொசு முட்டை முதிர்ந்து பறக்க வெப்பமான நாட்களில் ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால்தான் தளர்த்தும் வேலையை முதலில் செய்யச் சொல்கிறேன்.

இனி மண். கட்டடக் கழிவில் கையால் பொறுக்க முடிந்ததைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். உருவம் தெரியாமல் கலந்துபோன சுண்ணாம்பைக் கண்டுபிடிக்க, நாலைந்து இடங்களிலிருந்து ஒவ்வொரு கரண்டி காய்ந்த மண் எடுத்து, அதன்மேல் வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அந்த மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது, காரத்தன்மை கூடியிருக்கிறது. புதுப் பூச்சு மதிலின் அடியில் எடுத்த மண் பொங்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம்.

உங்கள் இட்லிப்பூவின் கதை இதுதான். இட்லிப்பூ புளிப்பு மண்ணை, அதாவது அமிலத்தன்மை உள்ள மண்ணை விரும்பும் செடி. கார மண்ணில் இரும்புச்சத்து எவ்வளவு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாதபடி கட்டுண்டு கிடக்கும். அடையாளம் சுலபம்: கொழுந்து இலைகள் மஞ்சளாகவும், அவற்றின் நரம்புகள் மட்டும் வலை பின்னியதுபோல் பச்சையாகவும் இருக்கும். வெளுப்பு கொழுந்தில் தொடங்குகிறதா, அடியிலையில் தொடங்குகிறதா என்பதை முதலில் பாருங்கள். அடியிலைகள் முழுக்க ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. அடியிலைகளில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மஞ்சளானால் மெக்னீசியம் குறைவு. கொழுந்தில் என்றால் பெரும்பாலும் இரும்பு. இலை வெளுத்தால் உரம் போடு என்று எல்லோரும் சொல்வார்கள். இரும்புக் குறைவுக்குத் தழைச்சத்து உரம் போட்டால் செடி இன்னும் வேகமாகக் கொழுந்து விட்டு, அந்தக் கொழுந்தும் வெளுத்தே வரும்.

சரிசெய்ய, இட்லிப்பூவை மதிலிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி மாற்றி நடுங்கள். உடனடி நிவாரணத்துக்கு இரும்பு சல்பேட்டை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கலந்து மாலையில் இலைகளில் தெளிக்கலாம். கார மண்ணில் அதை வேருக்கு ஊற்றினால் வீண், சீக்கிரமே கட்டுண்டுவிடும். வேருக்கே கொடுக்க வேண்டுமென்றால் இடிடிஎச்ஏ (EDDHA) வகை இரும்புச் சத்தைக் கேட்டு வாங்குங்கள். கடையில் பரவலாகக் கிடைக்கும் இடிடிஏ (EDTA) வகை கார மண்ணில் நிலைப்பதில்லை. உறையைப் பார்க்காமல் வாங்கிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் நிறைய. இரும்பு சல்பேட் சிமென்ட் தளத்தில் சிந்தினால் போகாத துருக்கறை படியும், கவனம். கந்தகத் தூள் போட்டுப் புளிப்பாக்கலாம் என்று யாராவது சொன்னால், பொங்குகிற மண்ணுக்கு அது பொருந்தாது. போட்ட கந்தகமெல்லாம் சுண்ணாம்பைச் சமன் செய்வதிலேயே தீர்ந்துவிடும். மதிலடியில் ஏதாவது வைத்தே ஆக வேண்டுமானால் கார மண்ணைப் பொறுத்துக்கொள்ளும் அரளியோ மஞ்சள் டெகோமாவோ வையுங்கள். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. சிறு குழந்தைகளோ நாய், பூனையோ இருக்கும் வீட்டில் வேண்டாம்.

மக்கிய உரம் எவ்வளவு வேண்டும் என்று பலரும் தோராயமாக வாங்கி, பாதிப் பாத்தியோடு நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் 600 சதுர அடியில் பாதை, தளம், உட்காரும் இடம் போகப் பாத்தி 200 சதுர அடி வரும் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்ப ஏறத்தாழ 950 லிட்டர், அதாவது 50 லிட்டர் மூட்டையில் 19 மூட்டை. தொழு உரம், இலைமக்கு, மண்புழு உரம் எதுவானாலும் சரி, நன்றாக மக்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் மண்வாசம் வர வேண்டும். காரநெடி அடித்தாலோ மூட்டை சூடாக இருந்தாலோ இன்னும் மக்கவில்லை, வேரைச் சுட்டுவிடும். மேல் ஆறேழு அங்குல மண்ணோடு கலந்து, ஒருமுறை நன்றாக நனைத்து, இரண்டு வாரம் ஆறப் போடுங்கள். அதற்குள் மண் அமர்ந்துவிடும். முளைக்கிற களையையும் ஒருமுறை சுத்தமாக எடுத்துவிடலாம்.

பாத்திகளைப் பொறுத்தவரை கை எட்டும் தூரம்தான் அளவு. சுவரோரப் பாத்தி, அதாவது ஒரு பக்கம் மட்டும் அணுகக்கூடியது, இரண்டடிக்கு மேல் போனால் பின்வரிசையைக் கவனிக்க முன்வரிசையை மிதிக்க வேண்டிவரும். இருபுறமும் நடக்க முடிந்தால் நாலடி வரை போகலாம். முக்கியப் பாதை மூன்றடி. மதிலுக்கும் செடிக்கும் இடையே நான் விடச் சொன்ன மூன்றடியில் ஒன்றரை அடிக்கு ஒரு வேலைப்பாதை போட்டுவிடுங்கள். கவாத்து செய்யவும் மருந்து தெளிக்கவும் பின்பக்கம் போக வழி இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். வெட்டுவதற்கு முன் தண்ணீர்க் குழாயை நெளித்துப் போட்டுப் பாத்தியின் ஓரத்தைக் குறித்து, ஒரு வாரம் அப்படியே விட்டு அதன்படி நடந்து பாருங்கள். துணி உலர்த்தப் போகிற வழி, குப்பை எடுத்துப் போகிற வழி எல்லாம் தாளில் வராது, காலுக்குத்தான் தெரியும்.

நாற்பது தொட்டி விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன், பதினைந்தாகக் குறையுங்கள். தொட்டியின் விட்டமும் உயரமும் இரண்டு மடங்கானால் உள்ளே பிடிக்கும் மண் எட்டு மடங்கு. ஆறு அங்குலத் தொட்டியில் மூன்று லிட்டர் மண்கூட இராது, பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் 20 லிட்டருக்கு மேல். சின்னத் தொட்டிகள் சிமென்ட் தளத்தில் வெயில் காய்ந்தால் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். கறுப்புப் பிளாஸ்டிக்காக இருந்தால் வெயில் படும் பக்கத்து வேர் வெந்தே போகும். தரையில் நடக்கூடியதைத் தரைக்கு மாற்றுங்கள். மிச்சத்தைப் பெரிய தொட்டிக்கு மாற்றி, நெருக்கி வையுங்கள்; ஒன்றின் நிழல் மற்றதன் சுவரில் விழும்.

தொட்டிக் கலவைக்கு இரண்டு பங்கு தோட்டமண், ஒரு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு தென்னைநார்த் துகள். தென்னைநார்த் துகளில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிய பிறகே கலக்க வேண்டும். அடியில் கூழாங்கல், ஓடு போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது பழைய நம்பிக்கை. நடப்பது அதற்கு நேர்மாறு. நுண்ணிய மண்ணிலிருந்து தண்ணீர் கல் அடுக்குக்குள் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலேயே ஈரம் தேங்கி, வேருக்கு இருக்கும் இடமும் குறைந்துவிடும். துளையின் மேல் ஒரு வலைத்துண்டு போட்டுவிட்டு மண்ணையே நிரப்புங்கள்.

இப்போது மாவுப்பூச்சி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தெளித்துத் தெளித்துச் சலித்துப்போய்ச் செடியை வெட்டி எறிபவர்கள் அதிகம். செம்பருத்தியின் ஒரு கிளையை எடுத்துக் கணுவைப் பாருங்கள். பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக இருக்கும். அந்தப் பஞ்சுக்குள்தான் முட்டைகள். கொஞ்சம் கீழே இலைமேல் பிசுபிசுப்பு, அதன்மேல் கரி பூசினாற்போல் கரும்பூசணம். தண்டைத் தொடர்ந்து போனால் எறும்புச் சாரை. இந்த எறும்புதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன, அதைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டுகின்றன. எறும்பை நிறுத்தாமல் மருந்து அடிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்புவதுதான். தண்டின் அடியில் ஒட்டும் பட்டை சுற்றுங்கள். சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடும் கிளைகளை வெட்டுங்கள், இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும்.

பிறகு, பஞ்சு அடர்ந்த நுனிகளை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். மிச்சத்தை வேகமான தண்ணீர்ப் பீச்சலால் கழுவுங்கள். மறுநாள் மாலை ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், 2 மி.லி. திரவ சோப்பு கலந்து, அடிக்கடி குலுக்கிக்கொண்டே, இலைக்கு அடியிலும் கணு இடுக்கிலும் நனையும்படி தெளியுங்கள். எண்ணெயை முதலில் சோப்போடு குழைத்து, பிறகு தண்ணீர் விட வேண்டும்; நேரடியாகத் தண்ணீரில் விட்டால் மேலே மிதந்து, கடைசியில் தெளிப்பது வெறும் எண்ணெயாக இருக்கும், இலை கருகும். முதல் நாள் ஒரே ஒரு கிளையில் அடித்து, 24 மணி நேரம் கழித்துப் பார்த்துவிட்டு முழுச் செடிக்கும் போங்கள். மருந்து பஞ்சுக்குள் இருக்கும் முட்டையைத் தொடாது. அது பொரித்து வெளிவரும் குஞ்சுகளைப் பிடிக்க ஏழு நாளுக்கு ஒருமுறையாக மூன்று முறை தெளிக்க வேண்டும். இரண்டாம் முறையோடு நிறுத்தியதால்தான் பலருக்கு மறுபடி வருகிறது.

ஒன்றை மட்டும் தெளிக்கும் முன் பாருங்கள். மாவுப்பூச்சிகளுக்கு நடுவே அவற்றைவிட மூன்று மடங்கு பெரிதாக, நீண்ட மெழுகு இழைகளோடு, சுறுசுறுப்பாக ஓடித் திரியும் வெள்ளைப் புழு தெரிந்தால் அது மாவுப்பூச்சி இல்லை. மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் குஞ்சு. பார்வைக்கு மாவுப்பூச்சியைப் போலவே இருப்பதால் கைதவறிக் கொன்றுவிடுவார்கள். அவை இருந்தால் மருந்தே வேண்டாம், எறும்பை மட்டும் தடுத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள்.

செம்பருத்தி காற்றோட்டமில்லாமல் நெருங்கி அடர்ந்திருந்தால் பூச்சி சீக்கிரம் பெருகும். புதுத் தளிரில்தான் அது பூக்கும் என்பதால் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடத் தயங்க வேண்டாம். வெட்டிய பின் தழைச்சத்தை வாரி இறைக்காதீர்கள். கொழகொழவென்று வரும் இளந்தளிர்தான் பூச்சிக்குப் பிடித்தது.

குண்டுமல்லியை வடக்குக் கோடிக்கு, வீட்டு நிழல் எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். அதற்கு ஏற்ற நேரம், பூப்பருவம் முடிந்து செடி ஓய்ந்திருக்கும் மாதங்கள். பத்து நாள் தண்ணீரைக் குறைத்து, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் எல்லாக் கிளைகளையும் வெட்டி, காய்ந்ததையும் மெலிந்ததையும் அடியோடு எடுத்து, மிச்சமிருக்கும் இலைகளை உருவிவிடுங்கள். அதன்பிறகு ஒன்றரை அடி விட்டத்துக்கு வேர்மண்ணோடு பெயர்த்து, சாக்கில் கட்டித் தூக்கிப் போய் நடலாம். கவாத்து செய்ததால் இலையால் ஏற்படும் நீரிழப்பும் இருக்காது. நட்டு, ஐந்து கிலோ மக்கிய உரம் சுற்றிப் போட்டு, நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். ஆகவே வெட்டாத மல்லிகையும் வெயில் படாத மல்லிகையும் ஒன்றுதான், இரண்டும் இலையைத்தான் காட்டும்.

ரோஜா மூன்று மாதத்தில் காய்வது நர்சரியிலிருந்து வரும்போதே தொடங்கிவிடுகிறது. ஒட்டுச்செடியின் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை பிடித்திருப்பார்கள். வண்டியில் ஏற்றி இறக்கும்போது வேர் ஆடாமலிருக்க அது தேவை. அதை அப்படியே நட்டால், நீங்கள் விடும் தண்ணீர் சுற்றியுள்ள இளகிய மண்ணில் ஓடிவிடும், உருண்டைக்குள் போகாது. வேரும் உருண்டையை விட்டு வெளியே வராது. செடி தன்னிடம் இருந்த ஈரத்தில் ஒரு முறை பூத்துவிட்டுக் காயத் தொடங்கும். காய்ந்த செடியைப் பிடுங்கிப் பாருங்கள். உருண்டை உடையாமல் முழுதாக வந்தால் காரணம் இதுதான்.

அடுத்த முறை, நடுவதற்கு முன் உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். குமிழி வருவது நின்றதும் வெளிக்களியை விரலால் ஓர் அங்குலத்துக்கு மெதுவாகக் கரைத்து, வேர்நுனிகள் வெளியே தெரியும்படி செய்யுங்கள். முழுக்கக் கழுவ வேண்டாம், மெல்லிய வேர்கள் அறுந்துவிடும். ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் நிற்க வேண்டும். அங்கே பிளாஸ்டிக் நாடா இருந்தால் கீறி எடுத்துவிடுங்கள், இல்லையேல் தண்டு பருக்கும்போது அது இறுக்கிக் கொல்லும். முதல் மாதம் வரும் மொட்டுகளைக் கிள்ளி விடுங்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த மாதத்தில் செடிக்கு வேண்டியது வேர்.

முடிச்சுக்குக் கீழிருந்து வேகமாக ஒரு தண்டு கிளம்பினால் அது உங்கள் ரோஜா இல்லை, ஒட்டுக்கு அடியிலிருக்கும் காட்டுரோஜா. இலையில் ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுரோஜா என்று எண்ணிப் பார்ப்பதை நம்பாதீர்கள்; நல்ல ரகங்களிலும் ஏழு வரும். எங்கிருந்து கிளம்புகிறது என்பதுதான் சாட்சி. மண்ணை விலக்கி அது தொடங்கும் இடத்திலேயே பிய்த்தெடுங்கள். மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். நுனியிலிருந்து பழுப்பாகக் காய்ந்துவரும் கிளையை, வெட்டுமுகத்தின் நடுத்தண்டு வெள்ளையாகத் தெரியும்வரை கீழே கீழே வெட்டிக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். தண்ணீரைக் காலையில் வேரில் மட்டும் விடுங்கள். இலை தொடர்ந்து ஏழு மணி நேரம் நனைந்திருந்தாலே கரும்புள்ளிப் பூசணம் நுழைந்துவிடும். மாலையில் இலைமேல் தெளிப்பது இரவு முழுக்க அதற்கு வழி திறந்து வைப்பதாகும்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் உங்கள் தோட்டத்தின் அமைப்பு தானாகவே வந்துவிடுகிறது. வடக்குக் கோடியில் நாலடி இடைவெளியில் குண்டுமல்லி, அதற்கு அடுத்து ஐந்தடி இடைவெளியில் செம்பருத்தி. மேற்கு மதிலிலிருந்து மூன்றடி தள்ளி, மூன்றடிக்கு ஒன்றாக ரோஜா. காலை வெயில் கிடைக்கும், பிற்பகல் வெயிலை மதில் தடுக்கும், ரோஜாவுக்கு இதைவிட நல்ல இடம் உங்களிடம் இல்லை. இட்லிப்பூவும் அந்த வரிசையிலேயே வரட்டும், ஆனால் வினிகருக்குப் பொங்காத மண்ணாகப் பார்த்து நடுங்கள். வடகிழக்கு மூலையில் கல்வாழைக் கூட்டம். கிழக்கு ஓரம் பிற்பகல் வெயிலில் காயும்; அங்கே காகிதப்பூ. அது தண்ணீர் கொஞ்சம் தட்டுப்பட்டால்தான் நிறம் கொட்டும், இலை லேசாகத் துவளும்வரை காத்திருந்து தண்ணீர் விடுங்கள். பாத்தி ஓரங்களுக்கு நித்தியகல்யாணி, மேசைரோஜா. அரைநிழல் விழும் நடுப்பகுதியில் கனகாம்பரமும் நந்தியாவட்டையும். வீட்டுச் சுவரோரம் பெரணி, பீஸ் லில்லி, கலேடியம் ஆகியவற்றைத் தொட்டியிலேயே வையுங்கள், தரையில் நட வேண்டாம். ஜூன் வாக்கில் அங்கே வெயில் விழும்போது தூக்கி நகர்த்திவிடலாம்.

ஒரு வகைக்கு ஒன்று என்று வைக்காமல் மூன்றோ ஐந்தோ சேர்த்து வையுங்கள். முப்பது வகையில் ஒவ்வொன்று இருக்கும் தோட்டம் நர்சரி வரிசையாகத்தான் தெரியும். பத்து வகையில் மூன்று மூன்று இருந்தால் கண்ணுக்கு ஓரிடம் கிடைக்கும், தண்ணீரும் உரமும் தருவதும் சுலபம்.

நடும் குழி வேர்மண் உருண்டையைவிட இரண்டு மடங்கு அகலமாக இருக்கட்டும், ஆழம் மட்டும் உருண்டையின் உயரத்துக்கு மேல் வேண்டாம். நட்டபின் இரண்டு மூன்று அங்குலத்துக்குக் காய்ந்த இலை மூடாக்கு, தண்டைத் தொடாமல் நாலு அங்குலம் விட்டு. தண்ணீர் தினம் ஒரு கிண்ணம் என்று ஊற்றாமல், விட்டால் ஆழமாக விடுங்கள்: ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர் என்பது ஓர் அங்குல மழைக்குச் சமம். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அடுத்தது. புதிதாக நட்டவற்றுக்கு முதல் இரண்டு வாரம் தினமும் விரல் விட்டுப் பாருங்கள்.

கடைசியாக உங்கள் தோழிகள் கூட்டம். அவர்கள் புகழ்கிற செடியைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் பெயரோடு கூடவே அவர்கள் வீட்டில் அது எத்தனை மணி நேர வெயிலில் நிற்கிறது, தரையிலா தொட்டியிலா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வரைபடத்தில் அதற்கு இடமிருந்தால் வாங்கலாம். கொண்டுவரும் எந்தச் செடியும் மூன்று வாரம் மற்றவற்றிலிருந்து பத்தடியாவது தள்ளி நிற்கட்டும். உங்கள் மாவுப்பூச்சி எங்கிருந்து வந்ததோ தெரியாது, ஆனால் இப்போது நீங்கள் கொடுக்கும் செம்பருத்திக் குச்சியோடு எட்டு வீட்டுக்கும் போகும். மூன்று தெளிப்பும் முடிந்து ஒரு மாதம் சுத்தமாக இருந்த பிறகு கொடுங்கள்.

கொடுக்கும்போது பென்சில் தடிமனுள்ள, பச்சை மாறிப் பழுப்பாகத் தொடங்கிய தண்டாகப் பார்த்து, நாலு கணு வரும்படி ஆறங்குலத்துக்கு வெட்டுங்கள். அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேலே நேராகவும் வெட்டினால் வாங்கியவர் தலைகீழாக நட மாட்டார். மேலே இரண்டு இலையை மட்டும் பாதியாக நறுக்கி விட்டு, மற்றதை எடுத்துவிட வேண்டும். இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி, ஈரமான தென்னைநார்த் துகளும் மணலும் சமமாகக் கலந்த கலவையில் நட்டு, நிழலில் வைத்தால் நாலு முதல் ஆறு வாரத்தில் வேர் விடும். நடுவில் இழுத்துப் பார்க்கக் கூடாது. துளையடியில் வேர்நுனி தெரியட்டும். ரகத்தின் பெயரையும் வெட்டிய தேதியையும் பென்சிலால் எழுதிச் செருகுங்கள், பேனா மை இரண்டு வாரத்தில் வெயிலில் அழிந்துவிடும்.